சாய்தளத்தோடு நின்றுபோன தடையின்மை



கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக் கட்டடத்திலும் இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறது: ஆசிரியருக்கொரு வகுப்பறை, தடையற்ற அணுகல், தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர். வகுப்பறையில் ஆசிரியரின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. தடையற்ற அணுகல் நடைமுறையில் வாசல் சாய்தளமாகச் சுருங்கிவிட்டது. செவித்திறன் குறையுடைய குழந்தைக்கோ தடை, அறையின் சுவர்களிலேயே இருக்கிறது.

கான்கிரீட் கூரை, பூசிய சுவர், டைல்ஸ் தரை எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புபவை. இப்படித் திரும்பத் திரும்ப எதிரொலித்து ஒலி நீடிப்பதை இயற்பியல் பாடம் எதிர்முழக்கம் என்கிறது. க, த, ப ஆகியவை பெயரில்தான் வல்லினம். ஒலியாற்றலில் உயிரெழுத்தைவிட மிக மெலிந்தவை. முன்வந்த உயிரொலியின் முழக்கம் அடங்குமுன் அவை அதில் அமிழ்ந்துவிடும். ஆசிரியர் சொன்னது 'பத்து'வா 'பட்டு'வா என்பதைப் பெரியவர்கள் இடமறிந்து ஊகிப்பார்கள். இப்போதுதான் சொல் சேர்க்கும் குழந்தையால் அது முடியாது. காதொலிக் கருவி குரலோடு மின்விசிறி இரைச்சலையும் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டையும் சேர்த்தே பெருக்குகிறது. முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் போதும் என்பது வழக்கமான பதில். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும், பின்வரிசை மாணவர் விடை சொன்னதும் அந்தப் பதில் பொய்த்துவிடுகிறது.

அமெரிக்காவின் 2002-ஆம் ஆண்டுத் தரநிலை, ஆளில்லாத சாதாரண வகுப்பறையில் இரைச்சல் 35 டெசிபல், எதிர்முழக்க நேரம் 0.6 நொடி என்று வரம்பு வைத்தது. பிரிட்டன் 2003-இல் செவித்திறன் குறையுடைய குழந்தைகளுக்கான அறைகளில் 0.4 நொடி என்றது. இந்தியாவின் ஒலி மாசு விதிகள் (2000) பள்ளியைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட 100 மீட்டருக்குப் பகலில் 50 டெசிபல் என்கின்றன. அது தெருவுக்கான அளவு. அறைக்குள் சுழலும் மின்விசிறியை அது கட்டுப்படுத்தாது.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் பொருத்தப்படுகிறது, போற்றத்தக்க பணி. அப்படிக் கேட்கத் தொடங்கிய குழந்தையை எதிரொலிக்கும் அறையில் உட்கார வைப்பது அநீதி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 16-ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிக் கட்டடங்கள் அணுகத்தக்கவையாக இருக்கவேண்டும் என்கிறது. கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை, ஆசிரியர் சட்டையில் சிறு மைக் என வழிகள் தெரிந்தவையே. (தெர்மாகோல் ஒட்டுவது பயன் தராது, அது ஒலியை உறிஞ்சுவதில்லை.)

கல்வி உரிமைச் சட்ட அட்டவணையைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. 20-ஆம் பிரிவின்படி மத்திய அரசின் அறிவிக்கையே போதும். அதுவரை, புதிய வகுப்பறைகளின் மதிப்பீட்டிலாவது ஒலி உறிஞ்சும் கூரைக்கு மாநில அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
திருச்சி