கேமராவுக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வெம்பக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல், மானாவாரி. மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிறோம். மகனுக்குப் பத்தொன்பது வயது. பட்டாசு ஆலை வேலைக்குப் போகிறான். தீபாவளி முடிந்துவிட்டால் வீட்டில் இருக்கும் நாட்களே அதிகம். விவசாயத்தைப் படம் பிடித்து யூடியூபில் போட்டால் சம்பாதிக்கலாம் என்கிறான். அறுபதாயிரம் ரூபாய்க்குக் கேமரா வாங்க, என் நகையை அடகு வைக்கச் சொல்கிறான். வைக்கலாமா?
- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: வைக்க வேண்டாம். ஆனால் தம்பியின் ஆசையைத் தட்டிவிடவும் வேண்டாம். அவர் சட்டைப் பையில் இருக்கும் செல்போனே தொடங்குவதற்குப் போதும்.

ஆலை வேலையை மட்டும் நம்ப முடியாது என்று ஒரு பிள்ளை நினைப்பதில் தவறில்லை. 2018 அக்டோபரில் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகு, சிவகாசிப் பகுதி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை வெம்பக்கோட்டையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மானாவாரியோ மழையை நம்பியது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி தேடுவது புத்திசாலித்தனம்தான். அந்தத் தேடலைக் கடனில் தொடங்குவதுதான் சரியில்லை.

தம்பியின் மனதில் அநேகமாகப் புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' இருக்கும். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் ஐந்து பேர், சமையல் தொழில் பார்த்த தாத்தா பெரியதம்பியோடு சேர்ந்து 2018-ல் தொடங்கியது அது. 2021-ல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. அந்த ஆண்டு முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு அவர்கள் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அவர்களுடைய படங்களைக் கேமராவுக்காக யாரும் பார்க்கவில்லை. வயல்வெளி, அம்மி, விறகடுப்பு, தாத்தாவின் உரத்த குரல், கடைசியில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுவது, இவற்றுக்காகத்தான் பார்த்தார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் மூன்று ஆண்டு விடாமல் உழைத்து எட்டிய இடம் அது. அதே ஆண்டில் தொடங்கி, பத்துப் படத்தோடு நின்றுபோன சேனல்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

வருமானக் கணக்கை முதலில் பார்த்துவிடுவது நல்லது. யூடியூபில் விளம்பரப் பணம் வர 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதங்களுக்குள் 4,000 மணி நேரம் மற்றவர்கள் பார்த்திருக்க வேண்டும். அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸ் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று நிமிடப் படத்தை எல்லோரும் முழுதாகப் பார்த்தாலே, 4,000 மணி நேரத்துக்கு 80,000 பார்வை தேவை. பாதியில் விட்டுப் போகிறவர்களே அதிகம் என்றால் அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். அதுவும் பணம் வரத் தொடங்கும் வாசல்தான். அதற்குள் அடகுக் கடை வட்டி எங்கே போய் நிற்கும் என்பதை வாசகியே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சரி, செல்போனில் எடுத்த படம் எடுபடுமா? அமெரிக்காவில் 2015-ல் வந்த 'டேஞ்சரின்' என்ற முழுநீளப் படம் ஐபோன் 5எஸ்-ல் எடுக்கப்பட்டு, தியேட்டரில் ஓடியது. இன்று நம் ஊரில் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைக்கும் போனிலும் படம் தெளிவாகவே விழுகிறது. பெரும்பாலும் படத்தைக் கெடுப்பது சத்தம்தான். கரிசல் காட்டில் காற்று நிற்பதில்லை. ஆறடி தள்ளி நின்று பேசினால் காற்றின் இரைச்சல்தான் பதிவாகும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலர் மைக் ஒன்றை வாங்கிச் சட்டையில் மாட்டினால் பாதிக் கவலை தீரும். அதுவும் இல்லையென்றால், பேசுகிறவர் சட்டைப் பையில் இன்னொரு போனை வைத்துக் குரலைத் தனியாகப் பதியலாம். தொடங்கும்போது ஒருமுறை கை தட்டிவிட்டால், படத்தையும் குரலையும் பிறகு அந்தத் தட்டலை வைத்துப் பொருத்திவிடலாம். சினிமாக்காரர்கள் கிளாப் அடிப்பதும் இதற்காகத்தான்.

வெயில் அடுத்த சிக்கல். நம் பக்கத்து உச்சி வெயிலில் எடுத்தால் முகத்தில் கண்ணே தெரியாது, துண்டின் நிழல்தான் தெரியும். காலை ஒன்பது மணிக்குள், அல்லது மாலை நாலரைக்கு மேல் எடுக்க வேண்டும். சூரியன் எடுப்பவரின் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். எடுக்கும் முன் லென்ஸைச் சுத்தமான துணியால் துடைப்பது, போனை ஏரோபிளேன் மோடில் போடுவது, இரண்டும் பழக்கமாகிவிட வேண்டும். நடுவில் அழைப்பு வந்து அறுந்துபோன காட்சியைத் திரும்ப எடுக்கலாம். வெட்டிய கதிரைத் திரும்ப வெட்ட முடியாது.

கை ஆடாமல் இருக்க ட்ரைபாட் இல்லையென்றால் மண்வெட்டிக் காம்பு இருக்கிறது. அதை ஊன்றி, போனை அதில் சேர்த்துப் பிடித்தால் போதும். தொடங்கியதும் பத்து விநாடி அசைக்காமல் எடுக்க வேண்டும். கல்யாண வீடியோ மாதிரி ஓடி ஓடிச் சுற்றினால் பார்க்கிறவருக்குத் தலைதான் சுற்றும். எந்த வேலையானாலும் மூன்று காட்சி: இடம் முழுதும் தெரிய ஒன்று, வேலை செய்யும் கை கிட்டத்தில் ஒன்று, செய்கிறவர் முகம் ஒன்று. 1080பி அளவு போதும். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 100 முதல் 150 எம்.பி. இடம் பிடிக்கும். 4கே எல்லாம் இப்போது வேண்டாம். வெட்டி ஒட்டுவதற்கு 'யூடியூப் கிரியேட்' போன்ற இலவச ஆப் போதுமானது. பின்னணிக்குச் சினிமாப் பாட்டைப் போட்டால், வரும் விளம்பரக் காசு பாட்டுக்கு உரிமையுள்ளவருக்குப் போய்விடலாம். மாட்டு மணிச் சத்தத்துக்கு யாரும் உரிமை கேட்பதில்லை.

எதைப் படம் எடுப்பது? தம்பி வேறெங்கும் தேட வேண்டாம். வீட்டு மக்காச்சோளத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் 2018-ல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட படைப்புழு, அந்த ஆண்டே தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. இன்னும் பல பேர் அதைச் சாதாரணப் பச்சைப்புழு என்று நினைத்து, குருத்து சல்லடையாகும் வரை விட்டுவிடுகிறார்கள். அந்தப் புழுவின் தலையில் தலைகீழ் 'Y' வடிவக் கோடு இருக்கும். வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம் கிடக்கும். இதைப் பேச்சில் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஒரு கிட்டக் காட்சி புரியவைத்துவிடும். அதிகாலையில் புழு வெளியே இருக்கும்போது, திரையில் புழுவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிக்கொண்டு எடுக்கலாம். இலையில் முட்டைக்குவியல் ஒரு படம், குருத்தில் ஓட்டை ஒரு படம், வேப்பங்கொட்டைக் கரைசல் ஒரு படம் என்று தொடரலாம். கரைசல் படத்தில், 5 கிலோ வேப்பம்பருப்பைத் தராசில் வைத்துக் காட்டி, இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்குவது வரை அளவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். 'கொஞ்சம் போட்டுக்கோங்க' என்று சொல்லும் படத்தால் யாருக்கும் பயனில்லை.

இரசாயன மருந்தின் பெயரையும் அளவையும் படத்தில் சொல்வதானால், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, அருப்புக்கோட்டை கோவிலாங்குளம் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டு உறுதி செய்த பிறகுதான். கடைக்காரர் சொன்னதை அப்படியே சொல்லி, அதைப் பார்த்து ஒருவர் அடித்துப் பயிர் கருகினால், அந்தப் பாவம் படம் எடுத்தவருக்குத்தான்.

சொந்த ஊர் ஆள் பேசும் படத்துக்கு ஒரு பலம் உண்டு. 2006-ல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் 'டிஜிட்டல் கிரீன்' என்ற முயற்சி தொடங்கியது. கர்நாடகக் கிராமங்களில் விவசாயிகளையே பேசவைத்துப் படமெடுத்து, பக்கத்து விவசாயிகளுக்குக் கூட்டத்தில் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்விகளே, பேசுகிற விவசாயியின் பெயர் என்ன, எந்த ஊர் என்பதுதான். நம்மைப் போல ஓர் ஆள் என்று தெரிந்த பிறகே நுட்பத்தைக் கவனித்தார்கள். ஆகவே தம்பி செய்தி வாசிப்பவர் போலப் பேசிப் பழக வேண்டாம். வீட்டில் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசட்டும். அம்மா களை எடுத்துக்கொண்டே பேசினால் இன்னும் நல்லது.

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம், தக்காண வளர்ச்சிச் சங்கத்தில், எழுதப் படிக்க அதிகம் தெரியாத தலித் விவசாயப் பெண்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கேமராவைக் கையில் எடுத்தார்கள். பி.டி. பருத்தியால் நஷ்டப்பட்ட வாரங்கல் விவசாயிகளை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்தவர்கள் அவர்கள். கேமராக் கோணங்களுக்கு அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பேசுகிறவரின் கண் மட்டத்துக்கு நேராக எடுப்பது 'சங்கம் ஷாட்'. சங்கக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே மட்டத்தில் உட்காருவதால் அந்தப் பெயர். தரையில் உட்கார்ந்து பேசும் பாட்டியை எடுக்கும்போது, எடுப்பவரும் தரையில் உட்கார வேண்டும் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கூடாது. 'உள்ளே எப்படிச் செய்கிறார்கள் பாருங்கள்' என்று போட்டால் பார்வை குவியும் என்று யாராவது தம்பிக்குச் சொல்லலாம். மருந்து கலக்கும் அறைப் பக்கம் ஒரு பொறி என்ன செய்யும் என்பது அந்த வீட்டுக்குத் தெரியாததல்ல. ஆலை வாசலுக்கு வெளியே இருந்துகூட, வேலைக்குப் போகும் பெண்களை அவர்கள் சம்மதமில்லாமல் எடுக்கக் கூடாது.

பணம் வருவதற்கு முன்பே இந்தப் பழக்கத்தால் வேறு நன்மைகள் உண்டு. பயிரில் நோய் கண்டால், அலுவலகத்துக்கு நாலு தரம் நடப்பதற்குப் பதில், தெளிவான ஒரு நிமிடப் படம் வேளாண் உதவி அலுவலருக்குப் பாதியைச் சொல்லிவிடும். காப்பீடு செய்த பயிர், அறுத்துக் காயப்போட்ட நிலையில் பருவம் தவறிய மழையில் நாசமானால், 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். படம் மட்டும் மனுவாகிவிடாது. ஆனால் வயலின் நான்கு வரப்பும், பக்கத்து அடையாளமும் தெரிய அன்றே எடுத்து வைத்த படம், பின்னால் பேச்சு வரும்போது கையில் இருக்கும்.

புரட்டாசி விதைப்பிலிருந்து அறுவடை வரை, வாரம் ஒரு படம் என்று தம்பி எடுத்துப் பார்க்கட்டும். காலர் மைக்குக்கும் மெமரி கார்டுக்குமாக ஆயிரம் ஆயிரத்து ஐநூறு ரூபாய் ஆகலாம். ஒரு போகம் முழுதும் வாரம் தவறாமல் எடுத்துவிட்டார் என்றால், கேமராப் பேச்சை அப்போது மறுபடி எடுக்கலாம். நகை அதுவரை பெட்டியிலேயே இருக்கட்டும்.