பொத்தான் பாடமும் தமிழ்த்துறையும்

நுண்கட்டுப்படுத்தி என்னும் சொல்லைக் கேட்ட அளவில், ‘அது இயற்பியலார்க்கு உரியது, தமிழ் பயில்வோர்க்கு அதனால் ஆவதென்ன?’ என்று வினவுவோர் நம்மிடையே உளர். அவ்வினாவில் எனக்கு உடன்பாடில்லை. விருதுநகர், சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகள் அச்சிறு பலகையைக் கண்டு ஒதுங்குவது அறிவுக் குறையால் அன்று. அதனைத் தெளிவுற எடுத்துரைக்கும் தமிழ் அவர்களுக்குக் கிட்டவில்லை என்பதே என் துணிபு. அதைத் தரும் பொறுப்பிலிருந்து தமிழ்த்துறை விலகி நிற்றல் முறையாகாது.

ஆர்டுயினோ என வழங்கும் பலகை இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005-ஆம் ஆண்டு தோன்றியது. மின்னணுவியல் கல்லாத மாணவரும் எளிதில் கையாள வேண்டும் என்பதே அதனை ஆக்கியோர் கருத்து. உள்ளங்கையில் அடங்குவது, 5 வோல்ட்டில் இயங்குவது. 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தின் வழியே இது நாடெங்கும் பள்ளிகளை எட்டியுள்ளது. முதற்பாடம் விளக்கை மினுக்குதல். அதனை எல்லாரும் செய்துவிடுகின்றனர். அடுத்தது பொத்தான். பலரும் இடறுவது இங்கேதான்.

இப்பொத்தானுக்குக் கால்கள் நான்கு. அவை இரண்டிரண்டாக உள்ளுக்குள் முன்பே இணைந்தவை. இணைந்த இரு கால்களுக்கே கம்பி கொடுத்துவிட்டால், எவரும் தொடாதபோதும் பொத்தான் அழுந்தியிருப்பதாகவே பலகை கொள்ளும். எதிரெதிர் மூலைகளில் கொடுப்பதே பிழைக்கு இடமில்லாத வழி. இஃது எளிது. அடுத்து வரும் இடர்தான் மாணவரை மருட்டுவது.

பொத்தானை விட்டுவிட்டால் பலகையின் உள்வாங்கும் கால் எதனோடும் தொடர்பின்றி அந்தரத்தில் நிற்கிறது. அப்போது அது 0 என்றும் சொல்லும், 1 என்றும் சொல்லும். அருகில் கையைக் கொண்டுபோனாலே மாற்றிச் சொல்லும். ஆங்கில நூல் இதனை ஒரே சொல்லில் கூறி அப்பால் சென்றுவிடுகிறது. நம் மாணவரும் அச்சொல்லை மனனம் செய்து தேர்வில் எழுதிவிடுகின்றனர். ஆனால் பட்டாசுத் தொழிலை அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு இதனை விளக்க வேறொரு வழி உண்டு. மருந்து அறைக்குள் நுழையுமுன் உலோகத் தகட்டைத் தொட்டு, உடலில் சேர்ந்த மின்னேற்றத்தைத் தரையில் இறக்கும் பாதுகாப்பு முறையை அவ்வீட்டார் அறிவர். போக்கிடம் இல்லாத மின்னேற்றத்துக்கு ஒரு போக்கிடம் அமைப்பதே அது. அந்தரக் காலையும் தரையையும் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றால் இணைத்தால், அதற்கும் ஒரு போக்கிடம் கிடைக்கிறது. பொத்தானை விட்டால் 0, அழுத்தினால் 1 என்று தடுமாற்றமின்றிச் சொல்லும். பலகைக்குள்ளேயே இருக்கும் மின்தடையை ‘இன்புட் புல்அப்’ என்னும் ஆணையால் பயன்படுத்துவதும் உண்டு. அங்கே காலைப் பிடித்து நிறுத்துவது தரையன்று, 5 வோல்ட். ஆதலின் விட்டால் 1, அழுத்தினால் 0 எனக் கணக்குத் தலைகீழாகும்.

பலகையும் பொத்தானும் கையில் கிடைத்ததும் வெடி கொளுத்திப் பார்க்கும் ஆசை இவ்வட்டார மாணவர்க்கு எழக்கூடும். அதனை முளையிலேயே தடுத்தல் வேண்டும். கை படாமலே ‘அழுத்தினார்’ என்று சொல்லும் காலை விளக்கோடு வைத்துக் கற்கலாம். மருந்தின் அருகே கொண்டுபோகலாகாது.

மூன்றாவது இடர் துள்ளல். ஒருமுறை அழுத்தினால் எண்ணி மூன்று என்று காட்டும். பிழை மாணவருடையதன்று. சிமெண்டுத் தரையில் விழுந்த கோலிக்குண்டு பலமுறை எழும்பி அடங்குவது போல, பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தகடும் சில மில்லி நொடிகள் தொட்டும் விட்டும் துள்ளி அடங்குகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அத்துள்ளலைப் பலகை ஒவ்வொன்றாக எண்ணிவிடுகிறது. முதல் மாற்றம் கண்டதும் 50 மில்லி நொடி பொறுத்து, மீண்டும் பார்த்து உறுதி செய்யுமாறு நிரலில் எழுதினால் தீரும்.

ஒரு பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒன்று என்றே எண்ணுதல் அற்பச் செய்தியன்று. நம் நாட்டு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் அதன்மேல்தான் நிற்கிறது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றியவர் எழுத்தாளர் சுஜாதா. 1982-இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதல் பயன்பட்ட அவ்வியந்திரம், 2004-இல் நாடாளுமன்றத் தொகுதிகள் அனைத்துக்கும் வந்தது. ஒரு வாக்குப் பதிவானதும், அலுவலர் தம் பொத்தானை அழுத்தி அடுத்தவர்க்கு வழிவிடும்வரை, எத்தனை முறை அழுத்தினாலும் அது ஏற்பதில்லை. புனைகதை எழுதிய கைக்கு இவ்வேலையும் கூடிற்று என்பதை நம் துறை மாணவர் அறிதல் நன்று.

இனிக் கலைச்சொல் சிக்கல். யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராயிருந்த மணவை முஸ்தபா, அறிவியல் கலைச்சொற்களுக்கென வாழ்நாளைச் செலவிட்டவர். 2017-இல் அவர் மறைந்தபின் அப்பணியின் வேகம் தணிந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. அகராதியில் சொல் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. பொத்தான் என்பதை நீக்கி வேறு சொல் ஆக்கவேண்டும் என்று வாதிடுவோரும் உளர். அது போர்த்துக்கீசியர் வழி வந்ததே. நானூறு ஆண்டு சட்டையில் தைத்துக்கொண்டபின் அதனை அறுத்தெறிவானேன்?

இவ்வகையில் நமக்கு வழிகாட்டி சிவகாசியே. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். கட்டை அடுக்குதல், மருந்து முக்குதல் எனத் தொழிலாளர் வாயில் அத்தொழில் தமிழாயிற்று. எக்குழுவும் கூடி அச்சொற்களை ஆக்கவில்லை. செய்கையைக் கண்டவர் செய்கையைச் சொன்னார், அதுவே பெயராயிற்று. அந்தரக் கால், துள்ளல் என்பனவும் அவ்வாறே நிற்கும்.

தமிழில் கற்றால் வேலை கிடைக்குமா என்பாரின் அச்சத்தை நான் புறந்தள்ளவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியும் அதனை நாடிச் சென்றோர் மிகுதியில்லை. ஆணைச் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். தொடக்கத்தில் வேண்டுவன இருபதுக்கு மேல் இரா. ‘ஏன் மூன்று என்று காட்டியது?’ என்பதற்குரிய விடையேனும் அவள் வீட்டில் பேசும் மொழியில் கிடைக்கட்டும்.

நம் துறை இவ்வாண்டே செய்யத்தக்கது ஒன்றுண்டு. இயற்பியல் துறையாரிடம் பலகைகள் உள்ளன. இளங்கலைத் தமிழ் மாணவர் இருவரும் அத்துறை மாணவர் இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து, மேற்சொன்ன மூன்று இடர்களையும் செய்து பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்தில் எழுதட்டும். அப்பக்கத்தைச் சிவகாசிப் பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்பில் படித்துக் காட்டுவோம். விளங்கவில்லை என்று அப்பிள்ளைகள் சொல்லும் வரிகளைத் திருத்தி எழுதுவோம்.