இல்லமும் பள்ளியும்: ஆறடித் தடுப்பு

"ஏனம்மா வீட்டுப்பாடம் செய்யவில்லை?" என்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியைக் கேட்டேன். "எங்கே சார் உட்கார்ந்து எழுதுவது?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. கூடத்தில் தொலைக்காட்சி, இருக்கும் ஓர் அறையில் கைக்குழந்தை.

மாலையில் அவள் தந்தையைப் பார்த்துப் பேசினேன். கூடத்தில் ஆறடி நீளத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு வைப்பதென்று முடிவாயிற்று. தோட்டத்து வீடாதலால் முதலில் மேனேஜரிடம் அனுமதி வாங்கினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. மற்றவர்களுக்கும் பயன்படும் என்று செய்த முறையைச் சொல்கிறேன்.

உத்தரத்துக்கு நேர் கீழே தூக்குநூல் விட்டு, தரையில் கோடு கிழித்தோம். அதன்மேல் 2 அங்குலத்துக்கு 3 அங்குல மெராந்திச் சட்டத்தைப் படுக்கவைத்துத் திருகாணியால் இறுக்கினோம். நம் பெண்கள் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுபவர்கள். ஆகவே சட்டம் உளுத்துப் போகாதிருக்க அடியில் கெட்டியான பிளாஸ்டிக்கை விரித்தோம். கறையான் மருந்தும் பூசினோம். மேல்சட்டத்தை உத்தரத்தில் அடித்தோம்.

பிளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி. அதன் ஓரம் கட்டையின் நடுவில் வந்து உட்காரும்படி, 2 அடிக்கு ஒன்றாக நிற்கும் கட்டைகளை வைத்தோம். இங்கேதான் ஒரு தவறு செய்தோம். ஒரு கட்டையை அளந்து, எல்லாவற்றையும் அதே நீளத்துக்கு அறுத்துவிட்டோம். பழைய தரை சமமாகவா இருக்கும்? ஒரு கட்டை குட்டையாகி வீணாயிற்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து அறுங்கள். நீளமான கட்டையைச் சுத்தியால் அடித்து நுழைக்காதீர்கள். இந்தத் தடுப்பு கூரையைத் தாங்குவதற்கு அல்ல. பலகையை 7 அடியோடு நிறுத்தி, மேலே காற்றுக்கு இடம் விட்டோம்.

இரண்டு எச்சரிக்கைகள். முன்பே நிற்கும் சுவரை விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் இடிக்காதீர்கள். அது கூரையைத் தாங்கும் சுவராக இருக்கலாம். பழைய வீடுகளின் கூரைத் தகட்டிலும் சீலிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அவற்றை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

இப்போது அந்தப் பெண்ணின் வீட்டுப்பாடம் தவறாமல் வருகிறது. ஆனால் ஒன்று: பலகை பார்வையை மறைக்கும், சத்தத்தைத் தடுக்காது. அவள் எழுத உட்கார்ந்ததும் தந்தையே எழுந்துபோய்த் தொலைக்காட்சியை நிறுத்துகிறாராம். தடுப்பில் பாதியைக் கட்டை கொண்டு கட்டினோம். மீதியை அவர் கட்டினார்.