எல்லா ரகமும் எனக்கேவா?

முதல் சம்பளத்தில் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் ரயில்வேயில் வேலை பார்த்தேன். ஓய்வுபெற்றுத் தம்பானூரில் இருக்கும்போது, அந்த நிறுவனத்தின் எல்லா ரகமும் வேண்டும் என்ற ஆசை பிடித்தது. பைலட், சோனா, கோஹினூர் என்று நாற்பது சேர்ந்தன.

1961-இல் ஜப்பானின் சிட்டிசன் ஒத்துழைப்புடன் பெங்களூரில் தொடங்கிய அந்தக் கடிகாரத் தொழிலை மூட 2016-இல் அரசு முடிவெடுத்தது. இனிப் புதிது வராது, பட்டியல் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பழைய இயந்திரத்தில் புதிதாக அச்சிட்ட டயலைப் பொருத்தி 'அபூர்வ ரகம்' என்று விற்கிறார்கள்! நம் ஆசைதான் அவர்களுக்கு மூலதனம்.

ஒருநாள் ஜனதாவைத் தேடினேன். குவியலுக்கு அடியில், சாவி கொடுக்க ஆளில்லாமல் நின்றுபோயிருந்தது.

அன்பர்களே, சேர்ப்பது தவறல்ல. எல்லாம் வேண்டும் என்றால் இருப்பதும் கண்ணில் படாது. இப்போது ஜனதாதான் என் கையில். மற்றவற்றை உறவுப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகிறேன், தினமும் சாவி கொடுப்பதாக வாக்கு வாங்கிக்கொண்டு.