மாணவன் பெயரில், மாமா வேலையா?

மாடம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாள் எழுதுகிறார். பையன் சிவில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷமாம். ஆட்டோகேட் வேண்டும் என்கிறானாம். சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம், அம்மணி! அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே மாணவர்களுக்கு ஓராண்டுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. படிப்பு முடிகிற வரையில் வருஷா வருஷம் புதுப்பித்துக் கொள்ளலாம்.

ஆனால் மாணவன்தான் என்று நிரூபிக்க வேண்டுமே! அத்தாட்சி கேட்டால், அதில் பையனின் பெயர், காலேஜின் பெயர், நடப்புக் கல்வியாண்டுத் தேதி மூன்றும் இருக்க வேண்டும். அடையாள அட்டையில் தேதி இல்லையென்றால், இவ்வருஷம் பீஸ் கட்டிய ரசீதைக் காட்டலாம். நம் வீடுகளில் இனிஷியல் படுத்தும் பாடுதான் தெரியுமே! ரசீதில் பெயர் எப்படி இருக்கிறதோ, விண்ணப்பத்திலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

கடிதத்தின் கடைசி வரிதான் என்னை யோசிக்க வைத்தது. அந்த அம்மாளின் தம்பி வீடு கட்டும் கான்ட்ராக்டராம். தம் பிளான்களையும் மருமான் வரைந்து கொடுத்தால் கையில் ஏதாவது கொடுப்பாராம். அது கூடாது. காசுக்குச் செய்யும் வேலைக்கு மாணவர் உரிமம் செல்லாது. தாம்பரத்தில் பிள்ளைக்கு எடுத்த மாணவர் ஸீஸன் டிக்கெட்டில் அவன் அப்பா ஆபீஸ் போக முடியுமா, சொல்லுங்கள்?

மாமாவுக்காக வேறு வழி இருக்கிறது. லிப்ரேகேட் என்ற மென்பொருள் எல்லோருக்குமே இலவசம். சாதாரண வீட்டு பிளான் வரையலாம். அதில் வரைந்துவிட்டு மாமாவிடம் பையன் தாராளமாகக் கை நீட்டட்டும்!