குண்டுபட்டியின் இரண்டு பிப்ரவரிகள்

கொடைக்கானல் மேல்மலையில் கூக்கால், மன்னவனூர் பகுதியை ஒட்டிய குண்டுபட்டிக்குள் காவல்துறை இருமுறை பெரும் படையாக நுழைந்திருக்கிறது. முதல் முறை 1998 பிப்ரவரியில். இரண்டாம் முறை 2020 பிப்ரவரியில். ஊர் ஒன்றுதான், மலை ஒன்றுதான், அரசமைப்புச் சட்டமும் ஒன்றுதான். ஆனால் இரு நிகழ்வுகளிலும் காவல்துறை நடந்துகொண்ட விதத்திற்கு இடையிலான தூரம், இந்நாட்டில் சாதிக்கும் சட்டத்திற்கும் உள்ள உறவை விளக்கப் போதுமானது.

1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. அம்மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. அவ்வாறு வந்தவர்களில் பெரும் பகுதியினர் தலித்துகள். நீலகிரியிலும் பழனி மலைத்தொடரிலும் குடியேறியவர்களுக்குத் ‘தாயகம்’ தந்தது, மரம் வெட்டும் வேலையும் பட்டை உரிக்கும் வேலையும் கொத்தடிமை வாழ்வும்தான். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இருந்தும், அதன் பயனை நீண்ட போராட்டத்தின் வழியாகவே அவர்கள் பெற வேண்டியிருந்தது. குண்டுபட்டிக் குடியிருப்பு இந்த வரலாற்றின் மிச்சம்.

அடிப்படை வசதிகள் கேட்டு அலுத்துப்போன அம்மக்கள், 1998 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தனர். அந்த ஆண்டு பிப்ரவரி 26 அன்று காவலர்களும் அவர்களோடு அடையாளம் தெரியாத ஆட்களும் பெரும் எண்ணிக்கையில் ஊருக்குள் புகுந்தனர். பெண்கள் அடித்து உதைக்கப்பட்டனர். வீடுகள் சூறையாடப்பட்டன. சேமித்து வைத்திருந்த தானியத்தில் மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டது. பெண்கள் உட்படப் பலர் கைது செய்யப்பட்டனர். தலித்துகள் மீதான சாதி வன்முறை குறித்து ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ அமைப்பு 1999-இல் வெளியிட்ட அறிக்கை இவற்றை உலகின் பார்வைக்குக் கொண்டு சென்றது.

தானியத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுவது எந்தப் புலன்விசாரணையின் பகுதி? தேடுதல் வேட்டை என்றோ கைது நடவடிக்கை என்றோ அதற்குப் பெயரிட முடியாது. “உங்கள் சோறு எங்கள் கருணையில் இருக்கிறது” என்று ஓர் ஊருக்கே அறிவிக்கும் செயல் அது. ஆதிக்கச் சாதியினர் சேரிகளைத் தாக்கும்போது குடங்களை உடைப்பதும் கூரையைக் கொளுத்துவதும் இதே நோக்கத்தில்தான். அந்த மொழியைச் சீருடையும் பேசியதுதான் குண்டுபட்டியின் கொடுமை.

இப்போது 2020-க்கு வருவோம். அந்த ஆண்டு பிப்ரவரியில் குண்டுபட்டியில் ஒரு தனியார் இடத்தில் நடந்த போதை விருந்தைக் காவல்துறை சுற்றி வளைத்தது. பல ஊர்களிலிருந்து சமூக ஊடகங்கள் வழியாகத் திரண்ட 250-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பிடிபட்டனர். போதைப்பொருட்கள் கைப்பற்றப்பட்டன. ஏற்பாட்டாளர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. வந்திருந்த இளைஞர்களில் மிகப் பெரும்பாலோர் எச்சரித்து அனுப்பப்பட்டனர்.

இந்த இளைஞர்களையும் அடித்திருக்க வேண்டும் என்பது நம் வாதமன்று. போதைப்பொருள் பயன்படுத்தும் இளைஞரைச் சிறையில் அடைப்பதால் சமூகத்திற்கு நன்மை ஏதும் விளைவதில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவே, போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. ஆகவே, 2020-இல் காவல்துறை காட்டிய நிதானம் சரியானதே. அந்த நிதானம் 1998-இல் எங்கே போயிருந்தது என்பதே கேள்வி.

சட்டத்தின் தராசில் இரண்டையும் வைத்துப் பாருங்கள். போதைப்பொருள் வைத்திருப்பது குற்றம். வாக்களிக்காமல் இருப்பது 1998-இலும் குற்றமில்லை, இன்றும் குற்றமில்லை. வாக்களிக்கும் உரிமையைப் போலவே வாக்களிக்காமல் இருக்கும் உரிமையும் கருத்துரிமையின் பகுதி என்று, ‘நோட்டா’ வழக்கில் 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குற்றம் செய்யாதவர்களுக்குத் தடியடி. சட்டம் குற்றமென்று சொல்லும் செயலில் பிடிபட்டவர்களுக்கு அறிவுரை. எதைச் செய்தார்கள் என்பதைவிட, செய்தவர் யார் என்பதே காவலரின் கையைத் தீர்மானித்திருக்கிறது.

சட்டம் இல்லாமையால் நேர்ந்த அவலமும் அன்று இது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி முதல் நடைமுறையில் இருந்தது. கைது செய்யும்போது பின்பற்ற வேண்டிய விதிகளை டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே வகுத்துவிட்டது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களோ, தேர்தலுக்குப் பின் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் தாக்குவதையும், பொதுச் சேவைகள் அவர்களுக்குக் கிடைக்காமல் தடுப்பதையும் வெளிப்படையாகவே வன்கொடுமை என்று வரையறுத்துள்ளன. நான்காம் பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிய மறுக்கும், 60 நாட்களுக்குள் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யத் தவறும் அலுவலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. எனினும் துறைசார் விசாரணையின் பரிந்துரை இருந்தால்தான் அந்த வழக்கே எழும். பூட்டைச் செய்தவர்கள் சாவியைத் துறையிடமே கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

வரம்பு மீறும் காவல் ஒரு பக்கம் என்றால், மக்கள் தேடும்போது கிட்டாத காவல் மறுபக்கம். 2021 டிசம்பர் 15 அன்று, கீழ்மலையில் உள்ள பாச்சலூரில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருவர், தான் படித்த அரசுப் பள்ளியின் அருகே எரிந்த நிலையில் காணப்பட்டு உயிரிழந்தார். பள்ளி நேரத்தில், பள்ளியருகே ஒரு குழந்தை எரிந்துபோவது எப்படி என்ற கேள்வியோடு மக்கள் மறியலில் இறங்கினர். வழக்கு சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது. தன் குழந்தை எப்படி இறந்தது என்று அறிவதற்குக்கூட ஓர் ஊர் சாலையில் அமர வேண்டியிருக்கிறது என்றால், அங்கே காவல் என்னும் சொல்லுக்கு என்ன பொருள்?

‘சமூகப் பொறுப்பு’ என்ற சொல்லை ஆட்சியாளர்கள் நம்மை நோக்கியே பயன்படுத்துகிறார்கள். காவல்துறைக்கு ஒத்துழையுங்கள், தகவல் கொடுங்கள், கண்காணிப்புக் கருவி பொருத்துங்கள் என்கிறார்கள். நாம் அச்சொல்லுக்கு வேறொரு பொருளை முன்வைக்கிறோம். அதற்குச் சான்று தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடிக் கிராமத்தைச் சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டுகள் அந்தப் பெண்கள் சாட்சியத்தில் உறுதியாக நின்றார்கள். இடதுசாரி இயக்கத்தினரும் மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் வழக்கறிஞர்களும் அவர்களை விட்டு விலகாமல் நின்றார்கள். அதுவே சமூகப் பொறுப்பு.

அந்த வேலை இன்று கல்லூரி மாணவர்களிடமிருந்தும் தொடங்கலாம். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மாவட்ட அளவிலும் கோட்ட அளவிலும் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுக்கள் இருக்க வேண்டும். அவை மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். கொடைக்கானல் கோட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது? அதன் உறுப்பினர்கள் யார்? எத்தனை புகார்கள் பரிசீலிக்கப்பட்டன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் இக்கேள்விகளை எவரும் கேட்கலாம். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் 15ஏ பிரிவு தரும் பாதுகாப்பு உரிமைகளை மலைக் குடியிருப்புகளில் எடுத்துச் சொல்லலாம். அவற்றை அறிந்த ஒருவர் ஊரில் இருந்தால், நிலைய எழுத்தர் “நாளை வா” என்று சொல்லும் முன் ஒருகணம் யோசிப்பார்.

2020-இல் நகரத்து இளைஞர்களுக்குக் கிடைத்த கண்ணியம் காவல்துறையின் பெருந்தன்மையால் வந்ததன்று. சட்டம் ஒவ்வொரு குடிமகனுக்கும் எழுதி வைத்த குறைந்தபட்ச உரிமை அது. மேல்மலையில் பட்டை உரித்துப் பிழைத்தவரின் பேத்தி நாளை காவல் நிலையப் படியேறும்போது, அதே நாற்காலியும் அதே நிதானமும் அவருக்கும் கிடைக்க வேண்டும். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம்.