நாடு எவ்வளவு பெரியது?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

'நாடு' என்றவுடன் நம் நினைவுக்கு வருவது இந்தியா, அடுத்துத் தமிழ்நாடு. வகுப்பில் என் பக்கத்தில் அமரும் நண்பனின் ஊரோ ஒரத்தநாடு. சந்தையில் கோழிக்கு முன்னால் 'நாட்டு' என்று சேர்த்தால் விலை ஏறுகிறது. அதே சொல்லை மனிதனுக்கு முன்னால் சேர்த்து 'நாட்டுப்புறத்தான்' என்றால் மதிப்பு இறங்குகிறது! ஒரே சொல் இத்தனை பொருளைச் சுமப்பது எப்படி?

சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த சிறு பிரிவு. சில இடங்களில் அதற்குக் கூற்றம் என்று பெயர். நாடுகள் பல சேர்ந்தால் வளநாடு. அதற்கும் மேலே மண்டலம். முதலாம் இராசராசன் வளநாடுகளை வகுத்துத் தன் விருதுப் பெயர்களைச் சூட்டினான். பின்வந்த மன்னர்கள் அவற்றை மாற்றினார்கள். ஆனால் அடியிலிருந்த நாட்டின் பெயர் பெரும்பாலும் நிலைத்து நின்றது. நாடு அரசன் கோடு கிழித்துப் பிறந்ததன்று, உழவர் குடியிருப்புகளின் சேர்க்கையாக வளர்ந்தது என்பதைப் பேராசிரியர் சுப்பராயலு 1973இல் வெளியான தம் ஆய்வில் விளக்கியிருக்கிறார். மலையாளத்திலும் ஏறநாடு, வள்ளுவநாடு, வயநாடு என்று அச்சொல் இன்றும் வாழ்கிறது.

இதை அறிந்தவர்க்குத் 'தமிழ்நாடு' என்ற பெயர் அச்சம் தராது. அப்பெயரையும் ஒரு கோரிக்கையாக வைத்துச் சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். 1967இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 சனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. 2023 சனவரியில், 'தமிழகம்' என்பதே பொருத்தமான சொல் என்று ஆளுநர் கூறியதும் பெரும் விவாதம் எழுந்தது. பெயரை மாற்றச் சொல்லவில்லை என்று அவர் பின்னர் விளக்கினார். நாட்டுக்குள் நாடு இருப்பது நம் மொழிக்குப் புதிதன்று; வளநாட்டுக்குள் நாடு இருந்ததே! ஆகவே இப்பெயரில் பிரிவினையைத் தேடுவது வீண் என்பதே என் கருத்து.

அதற்காகப் பழம்பெருமை பேசி நிறுத்திக்கொள்வதும் தகாது. அன்றைய நாட்டார் அவையில் அமர்ந்தோர் நிலமுடையோர். நாடு முழுவதற்கும் பேசினார்கள். ஆனால் நாட்டில் வாழ்ந்த எல்லாரும் நாட்டார் ஆகவில்லை. இது பழங்கதையுமன்று. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர் வடம் பிடிப்பதில் நான்கு நாட்டார்க்கு முதன்மை உண்டு. பட்டியலினத்தாரும் அந்த வடத்தைப் பிடிக்கும் உரிமை பற்றிய பூசல் நீதிமன்றம் வரை சென்றது. பல ஆண்டுகள் தேர் ஓடாமலே நின்றது. 2024இல்தான் மீண்டும் ஓடியது.

நண்பர்களே! பத்து ஊர் சேர்ந்ததும் நாடுதான். பல மாநிலங்கள் சேர்ந்ததும் நாடுதான். அளவைப் பற்றிச் சண்டையிட வேண்டியதில்லை. அதற்குள் வாழும் ஒவ்வொருவரும் "நானும் நாட்டாரில் ஒருவன்", "நானும் நாட்டாரில் ஒருத்தி" என்று தலைநிமிர்ந்து சொல்ல முடிகிறதா என்று கேட்போம். முடியாதென்றால், பெயர்ப்பலகையில் எந்தச் சொல்லை எழுதி என்ன பயன்?